இக்கரைக் கையும் அக்கரைக் கையும்

ஒரு கடலாம், அதுக்கு ரெண்டு கரையாம், கரைக்கு ஒரு சர்க்காராம், ஆனா ரெண்டு சர்க்காருக்கும் சேத்து இருந்தது ஒரே மீனாம். அப்புறம் சண்டை வராம என்ன செய்யும்? இக்கரைக்காரங்க வலை போட்டா அக்கரைக்காரங்க புடிப்பாங்க, அக்கரைப் படகு காத்துல இந்தப் பக்கம் ஒதுங்குனா இக்கரைக்காரங்க புடிப்பாங்க, மீனைப் புடிச்ச நாளைவிட ஆளைப் புடிச்ச நாள்தான் அதிகம்னு ஆகிப்போச்சு. அப்படி ஒரு மாசி மாசத்துல, இக்கரையில இருக்கிற முத்தேந்தல் பட்டினத்து ஆளுங்க ஒம்பது பேரை அக்கரைக்காரங்க படகோட இழுத்துக்கிட்டுப் போய் ஜெயில்ல வச்சுட்டாங்க. அதுல ஒருத்தன் பேரு சந்தியாகு, அவன் பொண்டாட்டி செங்கோல்மேரி. இவ பேரை மட்டும் மறந்துராதீங்க, சோறு ஊட்டப்போறவ இவதான்.

ஒம்பது பேரையும் மீட்கணும்னா ஒப்பந்தம் வேணும், ஒப்பந்தம் வேணும்னா பேசணும், பேசணும்னா உக்கார ஒரு இடம் வேணும். முத்தேந்தல்ல பழைய சுங்க பங்களா ஒண்ணு கடலைப் பார்த்தாப்புல நிக்கும். அந்தக் காலத்துல ஒரு வெள்ளைக்காரன் அதுல இருந்தான், அவன் வளத்த குதிரை கருவாட்டைத் தவிர வேற ஒண்ணையும் மோந்துகூடப் பார்க்காது, அது செத்தப்ப ஊரே மூணு நாள் கருவாடு தின்னலையாம். சரி, அது வேற கதை, விடுங்க. அந்தப் பங்களாவுலதான் பேச்சுன்னு முடிவாச்சு. எந்த மேசையில உக்கார்றதுன்னு தீர்மானிக்கவே மூணு வாரம் ஓடிப்போச்சு. நீள மேசைன்னா தலைமாட்டுல யாரு, வட்ட மேசைன்னா வாசலைப் பார்த்து யாரு. கடைசியில ரெண்டு மேசையை ஒட்டிப் போட்டு, குட்டையா இருந்த மேசைக்கு அடியில பேப்பரை மடிச்சு வச்சாங்க.

ரெண்டு மந்திரிங்களும் வந்து கைகுலுக்கணும்னுதான் ஏற்பாடு. ஆனா முதல்ல வந்து காத்திருக்கிறவன் இளப்பமில்லையா? அதனால இக்கரை மந்திரி, அக்கரை மந்திரி வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டு விமான நிலையத்துல உக்காந்திருந்தாரு. அக்கரை மந்திரி அதையே கேட்டுக்கிட்டு கப்பல்ல உக்காந்திருந்தாரு. சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் அந்தந்த இடத்துலயே டிபன் சாப்பிட்டுட்டு வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டாங்க. பங்களாவுல மிச்சம் இருந்தது ரெண்டு அதிகாரிங்க, ரெண்டுமே பொம்பளைங்க. சரி, நீங்களே கையைக் குலுக்கிருங்கன்னு ரெண்டு தலைநகரத்துலேர்ந்தும் முழு அதிகாரப் பத்திரம் வந்துருச்சு. எங்க சார்பா பேசவும் கையெழுத்துப் போடவும் இந்த அம்மாவுக்கு மட்டும்தான் உரிமை, வேற ஒருத்தருக்கும் கிடையாதுன்னு அரக்கு முத்திரை வச்ச பத்திரம் அது.

இக்கரை அதிகாரி பேரு மங்களேஸ்வரி. அம்பத்தி நாலு வயசு, வெளிவிவகார இலாகாவுல துணைச் செயலாளர். புருசன் போய் பதினோரு வருசம், ஒரே மகன் எங்கயோ பனி கொட்டுற தேசத்துல. தலைநகரத்துல ரெண்டு ரூம் வீடு. சாயங்காலம் போய்ப் பூட்டைத் திறந்து, உள்ள போய்த் தாழ்ப்பாளைப் போட்டா மறுநாள் காலையில வரைக்கும் ஒரு மனுசக் குரல் காதுல விழாது. பகல் முழுக்க அடுத்தவன் மனசு கோணாம பேசியே சம்பளம் வாங்குற பொம்பளைக்கு, அந்தத் தாழ்ப்பாள் சத்தம்தான் சங்கீதம். கையைக் குலுக்கிட்டு ராத்திரி ரயில்ல ஏறிரணும், ஞாயித்துக்கிழமை முழுக்க வாயே திறக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டேதான் அவங்க கையை நீட்டுனாங்க.

அக்கரை அதிகாரி பேரு தவமலர். எட்டு வயசு சின்னவங்க, மீன்பிடி இலாகாவுல பெரிய உத்தியோகம். ரெண்டு கரையும் பேசுறது தமிழ்தான், ராகம்தான் வேற.

கையை நீட்டுறதுக்கு முன்னாடி மங்களேஸ்வரிக்கு அவங்க செயலாளர் போன்ல சொன்னது இதுதான்: "அந்தம்மா விடுறதுக்கு முன்னாடி நீங்க விட்டுராதீங்க. முதல்ல கையை எடுக்கிறவங்க பின்வாங்கிட்டாங்கன்னு காலைப் பேப்பர்ல போட்டுருவான்." தவமலருக்கு அவங்க செயலாளர் சொன்னதும், ராகத்தை மாத்திட்டா, அதே சொல்லுதான்.

போட்டோக்காரர் அருளானந்து ஒரு போட்டோ எடுத்தாரு. பல்பு எரியலை. "இன்னொண்ணும்மா"ன்னாரு. பல்பு எரிஞ்சுச்சு, மங்களேஸ்வரி கண்ணை மூடிட்டாங்க. "இன்னும் ஒண்ணே ஒண்ணு." இப்படிப் பத்து பன்னெண்டு. சிரிச்சு சிரிச்சு ரெண்டு பேருக்கும் தாடை வலி கண்டுருச்சு.

"போதும், விடுங்க மேடம்"னாங்க மங்களேஸ்வரி, சிரிப்பு மாறாமலே.

"நீங்கள் விடுங்கோவன்."

"நான் எப்பவோ விட்டுட்டேன்."

"நானும் விட்டிட்டன்."

ரெண்டு பேரும் கீழ குனிஞ்சு பார்த்தாங்க. ரெண்டு பேரும் விட்டுட்டாங்கதான். கைதான் விடலை.

செங்கோல்மேரி பங்களாவுக்குச் சமையலுக்கு வந்திருந்தா. அவதான் முதல்ல தேங்காயெண்ணெய் கொண்டாந்தா. அப்புறம் நல்லெண்ணெய், அப்புறம் சவக்காரம், அப்புறம் புளிச்ச மோர். இழுத்துப் பார்த்தாங்க, உருவிப் பார்த்தாங்க, சேத்தணைச்சு ஆட்டிப் பார்த்தாங்க. கிட்டப் போய்ப் பார்த்தா, விரலுக்கு விரல் சந்து இருந்த இடத்துல தோலு தோலோட தழுவிக்கிடக்கு, மாவைப் பிசைஞ்சு ஒட்டுனாப்புல. பெரியாஸ்பத்திரி டாக்டர் வந்து நாடி புடிச்சுப் பார்த்துட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரே துடிப்புதான் ஓடுது, வேணும்னா அறுத்துப் பார்க்கலாம், ஆனா எந்த நாட்டுத் தோலை முதல்ல அறுக்கிறதுன்னு எழுத்துல குடுத்துருங்க"ன்னாரு. அதை எழுதிக் குடுக்க ரெண்டு நாட்டுலயும் ஆள் இல்லை.

ஊரு அதிசயப்படலை. கடலோரத்து ஊருக்கு எத்தனையோ நடந்திருக்கு. ஒரு வருசம் ஆனியில மழைக்குப் பதிலா உப்புப் பெஞ்சிருக்கு, சவேரியார் திருநாளுக்கு வந்த ஒரு பாய்மரம் ஆளே இல்லாம வந்து ஆளே இல்லாம திரும்பிப் போயிருக்கு. "கை ஒட்டிக்கிட்டா? சரி, ஒட்டுனது ஒரு நாள் கழண்டுதானே ஆகணும்"னு சொல்லிட்டு எல்லாரும் வலை பின்னப் போயிட்டாங்க.

அதிசயப்பட்டது தலைநகரங்கதான், அதுவும் சந்தோசமா. மறுநாளே ரெண்டு சர்க்காரும் சேந்து ஒரு அறிக்கை விட்டுச்சு: கைகுலுக்கல் தொடர்கிறது, சூழ்நிலை சுமுகமாக உள்ளது. மங்களேஸ்வரி இடது கையால போனைப் புடிச்சுக்கிட்டு, "சார், எனக்குப் பதிலா வேற ஆளை அனுப்புங்க. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு அந்த ஒம்பது பேரையாவது மீட்டுறலாம்"னாங்க.

"எப்படிம்மா? பத்திரம் உங்க பேருல இருக்கு. அதை ரத்து பண்ணணும்னா இந்தச் சந்திப்பு முடியணும். சந்திப்பு முடியணும்னா கைகுலுக்கல் முடியணும்."

"அப்ப நானே இடது கையால போடுறேன்."

"இடது கையெழுத்து நம்ம கோப்புல இருக்கிற மாதிரிக் கையெழுத்தோட ஒத்துப்போகாதே. அவங்க நாளைக்கே செல்லாதுன்னு சொல்லிருவாங்க. பொறுமையா இருங்க மங்களேஸ்வரி. நல்லாத்தானே போயிட்டிருக்கு."

போனை வச்சதும் தவமலர், "எங்கட ஆளும் இதைத்தான் காலமை சொன்னவர்"னாங்க. பக்கத்துலயே இருந்தா காதுல விழாமலா இருக்கும்? அன்னைக்குலேர்ந்து ரகசியம்னு ஒண்ணு அந்த ரெண்டு பேருக்கும் இல்லாமப் போச்சு. அக்கரைச் செயலாளர் கத்துறது இக்கரை காதுல விழுந்துச்சு, இக்கரைக் கடுதாசியை அக்கரைக் கண்ணு படிச்சுச்சு. ரகசியம் வச்சுக்க முடியாத தூதரை வச்சுக்கிட்டு ஒரு சர்க்காரு என்ன செய்யும்? மெல்ல மெல்ல ஒண்ணுமே சொல்லாம விட்டுருச்சு. வாரத்துக்கு ஒரு போன் வரும். "கை எப்படி இருக்கு?" "அப்படியேதான் இருக்கு." "சந்தோசம்." அவ்வளவுதான்.

அப்புறம் அந்த வாழ்க்கை ஆரம்பிச்சுச்சு. வலது கையும் வலது கையும் ஒட்டிக்கிட்டதால, ஒருத்தங்க முன்னால நடந்தா இன்னொருத்தங்க முதுகுப் பக்கமா பின்னால நடக்கணும். பின்னால நடக்க ரெண்டு சர்க்காரும் அனுமதி குடுக்கலை. அதனால ரெண்டு பேரும் பக்கவாட்டுல, நண்டு மாதிரி நடந்தாங்க. படுக்கும்போது தலைமாடு கால்மாடா எதிரெதிரா படுக்கணும். வடக்கே தலை வைக்க ரெண்டு பேருமே மாட்டேன்னுட்டாங்க, கட்டிலைக் கிழக்கு மேக்கா திருப்பிப் போட்டாங்க. குளிக்க ஒருத்தங்களுக்குச் சுடுதண்ணி, ஒருத்தங்களுக்குப் பச்சத்தண்ணி. செங்கோல்மேரி ரெண்டையும் ஒண்ணா ஊத்தி வெதுவெதுப்பா கலந்து ரெண்டு தலையிலயும் கவுத்துனா. அதுதான் ரெண்டு நாட்டுக்கும் நடந்த முதல் உடன்பாடு.

ரவிக்கை மாத்துறதுதான் பெரும்பாடாயிருச்சு. மூணு நாள் அதே ரவிக்கையோட இருந்து, நாலாம் நாள் டெய்லர் மீராசா பாயைக் கூப்பிட்டாங்க. அவரு கண்ணை மூடிக்கிட்டே நூலால அளவெடுத்தாரு, அவ்வளவு கூச்சம். அவரு சம்சாரத்துக்குக்கூட அவரு அளவெடுத்ததில்லை, பழைய ரவிக்கையைத்தான் வாங்கி வச்சுத் தைப்பாரு. தோள்லேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் வலது கையைப் பிளந்து, வரிசையா கொக்கி வச்சுத் தச்சுக் குடுத்தாரு. மாட்டுனா ரவிக்கை, கழட்டுனா ரெண்டு துண்டு. அந்த ஆடிக்குள்ள முத்தேந்தல் குமரிங்க எல்லாம் அதே மாதிரி கேட்டு வாங்க ஆரம்பிச்சுட்டாங்க, கல்யாணத்துக்குக்கூட.

சாப்பாடுன்னு வந்தா அங்கதான் சங்கடம். இடது கையில கரண்டி புடிச்சுப் பார்த்தாங்க. ரசஞ்சோறுன்னா சரி, முத்தேந்தல்ல ரசஞ்சோறு யாரு போடுவா? மீன் குழம்பு. முள்ளை எதால எடுக்கிறது? ரெண்டாம் நாள் தவமலருக்குத் தொண்டையில ஒரு முள்ளு குத்தி, அது ரெண்டு நாட்டுப் பிரச்சினையா ஆகப் பார்த்துச்சு. செங்கோல்மேரி தட்டை இழுத்து மடியில வச்சுக்கிட்டு, முள்ளை ஆஞ்சு, உருட்டி, ஊட்ட ஆரம்பிச்சா. முதல் வாய் எந்த நாட்டுக்குன்னு பார்க்க ரெண்டு பக்கத்துக் குமாஸ்தாவும் நோட்டோட நின்னாங்க. அவ முதல் வாயைத் தானே தின்னுட்டா. அப்புறம் இக்கரை ஒரு வாய், அக்கரை ஒரு வாய்.

"வாயைத் திற தாயி"ன்னுவா தவமலரைப் பார்த்து. "எம் புருசனுக்கு உங்க ஜெயில்ல யாரு முள்ளு ஆஞ்சு குடுக்குறா?"

"அங்கை மீன் குடுக்கிறேல்லை. பருப்புத்தான்."

"மீன் புடிச்சதுக்கு ஜெயிலு, ஜெயில்ல மீனு கிடையாது. நல்ல சர்க்காரு. இந்தா, சவச்சுத் தின்னு."

தவமலருக்குக் கண்ணு கலங்கும், காரம்னு சொல்லிருவாங்க. மங்களேஸ்வரிக்கு அது காரம் இல்லைன்னு தெரியும். கை ஒண்ணா இருக்கே, அந்த ஒரே துடிப்பு வேகமா ஓடுதே.

ஆனா சொல்லணும், மங்களேஸ்வரிக்கு அந்தக் கையைக் கண்டாலே பத்திக்கிட்டு வரும். ஒரு தும்மல் தும்முனாக்கூட "என்ன அக்கா, தடிமனே?"ன்னு ஒரு குரல். கக்கூசுக்குப் போனா நடுவுல ஒரு தட்டி, தட்டிக்கு அந்தப்பக்கம் ஒரு மூச்சு. ராத்திரி ஒரு தடவைகூட புரண்டு படுக்க முடியாது. அந்தம்மா கெட்டவங்களா இருந்தாலாவது வெறுத்துத் தொலைச்சிருக்கலாம். நல்லவங்களா இருந்துட்டாங்க. நல்லவங்களோட ஒட்டிக்கிடக்கிறது இருக்கே, அதுக்கு அழக்கூட நாதி கிடையாது. குளிக்கிறப்ப மட்டும் மங்களேஸ்வரி கண்ணை மூடிக்கிட்டுத் தன்னோட வீட்டுத் தாழ்ப்பாளை மனசுக்குள்ள ஒரு தடவை போட்டுப் பார்ப்பாங்க. கடக். அவ்வளவுதான். அதுக்குள்ள தண்ணி தீந்துரும்.

ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல இருக்கிற இடம் யாருக்குச் சொந்தம்னு சட்ட நிபுணருங்க ஒரு குழு வந்து பதினெட்டு நாள் தங்கி, கோழி தின்னுட்டு, உள்ள பார்க்க முடியலைன்னு எழுதிட்டுப் போனாங்க. ஒரு கொசு இந்தக் கையில கடிச்சிட்டு அந்தக் கையில உக்காந்தா அது எல்லை மீறலான்னு டீக்கடையில பந்தயம் கட்டுனாங்க. பஸ் கண்டக்டர் "கைப் பங்களா, கைப் பங்களா, இறங்கு"ன்னு கத்துவான். தகராறு பண்ணிக்கிட்ட அண்ணந்தம்பிங்க வந்து அந்தக் கை மேல கையை வச்சுச் சத்தியம் பண்ணுவாங்க. அப்படித்தான் ராயப்பன் வீட்டுல கெணறு யாருக்குன்னு சத்தியம் பண்ணிட்டு, வீட்டுக்குப் போற வழியிலயே திரும்ப அடிச்சுக்கிட்டாங்க. புதுசா கட்டிக்கிட்டதுங்க தொட்டுக் கும்பிட வரும். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "கை வேத்திருக்குதா? வேத்தா நாளைக்குத் தென்காத்து"ன்னு கேட்டுட்டுப் போற கிழவனுங்களும் உண்டு. சொல்லி வச்சாப்புல தென்காத்து வரும்.

வைகாசியில ரொம்பப் பெரிய தேசத்துத் தூதர் ஒருத்தர் வந்தாரு. ஒரு கூடை பழம், ஒரு வரைபடம். இந்தக் கைக்கு மேல ஒரு பளிங்கு மண்டபம் கட்டித் தர்றேன், குளிர்சாதனம் போட்டுத் தர்றேன், கூடவே ஒரு துறைமுகமும் கட்டித் தர்றேன்னாரு. மண்டபம் இலவசம், துறைமுகம் கடன், கடன் முடியிற வரைக்கும் மீனெல்லாம் எங்களுக்குத்தான்னாரு. மங்களேஸ்வரி கையில ஒரு கடுதாசி குடுத்தாரு, தவமலர் கையில ஒரு கடுதாசி குடுத்தாரு. மத்தவங்கன்னா தனித்தனியா போய்ப் படிச்சிருப்பாங்க. இவங்க எங்க போறது? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சுப் பார்த்தா, ரெண்டுலயும் மத்த நாட்டுக்குத் தெரியாம உங்களுக்கு மட்டும்னு எழுதியிருக்கு. தவமலருக்குச் சிரிப்பு வந்துருச்சு. மங்களேஸ்வரிக்கும் வந்துருச்சு. கை குலுங்குச்சு. தூதர் பழக்கூடையைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு, மாம்பழம் ஒண்ணு மட்டும் உருண்டு கட்டிலுக்கடியில தங்கிருச்சு.

ஆனா சிரிக்கிற விசயமா இல்லை பாருங்க, ஜெயில்ல இருக்கிற ஒம்பது பேரு. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை அக்கரைக் கோர்ட்டுல அவங்களைக் கொண்டுபோய் நிறுத்துவாங்க. பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு, அது முடியட்டும்னு நீதிபதி இன்னொரு பதினஞ்சு நாள் தள்ளுவாரு. மாசி போய் பங்குனி போச்சு, சித்திரை போச்சு, வைகாசி போச்சு. கை ஒட்டியிருக்கிற வரைக்கும் பேச்சு முறியலை, அதனால சண்டை இல்லை. பேச்சு முடியவும் இல்லை, அதனால விடுதலையும் இல்லை. ரெண்டு சர்க்காருக்கும் அது சௌகரியமாத்தான் இருந்துச்சு.

ஆனி மாசத்துல ஒரு மத்தியானம். செங்கோல்மேரி வந்தா, இலையைப் போட்டா, சோத்தைப் போட்டா, பாறை மீன் குழம்பை ஊத்துனா, முள்ளை ஆஞ்சா, உருட்டுனா. உருட்டுன சோத்தை இலை மேலயே வச்சுட்டு, கையைக் கழுவிட்டு, செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டா.

"என்ன மேரி?"ன்னாங்க மங்களேஸ்வரி.

"இன்னைக்கு என் கை வராது தாயி."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. திரும்பவும் தள்ளிட்டாங்களாம். எட்டாவது தடவை. அந்த மனுசன் காலு வீங்கி நிக்க முடியாம கோர்ட்டுல உக்காந்தாராம், உக்காந்ததுக்குத் திட்டுனாங்களாம். நீங்க ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்டு இருக்கீங்க, நான் ஊட்டிக்கிட்டு இருக்கேன். நான் ஊட்டுறவரைக்கும் நீங்க இருப்பீங்க. நீங்க இருக்கிறவரைக்கும் அவரு வரமாட்டாரு. அதான், கை வரலை."

மின்விசிறி சுத்துது. சோறு காயுது. ரெண்டு அதிகாரிங்களும் உருட்டி வச்ச அந்த ரெண்டு கவளத்தையும் பார்த்துக்கிட்டே இருக்காங்க. ஒரு எறும்பு வந்து இக்கரைக் கவளத்துல ஏறி அக்கரைக் கவளத்துக்குப் போச்சு.

தவமலர்தான் சொன்னாங்க: "அக்கா, பேனையை எடுங்கோ."

"இடது கை செல்லாது தவம்."

"இடது கையில்லை. இதிலை." ஒட்டுன கையைத் தூக்கிக் காட்டுனாங்க.

ஒப்பந்தக் காகிதம் மாசியிலேர்ந்து அலமாரியில தூங்குது. புடிச்ச ஆளை விட்டுரணும், ரெண்டு கரைப் படகும் எந்தத் தண்ணியிலயும் வலை போடலாம், அவ்வளவுதான் அதுல. அதை எடுத்து மேசையில விரிச்சாங்க. ரெண்டு கட்டைவிரலுக்கும் நடுவுல பேனாவைச் சொருகுனாங்க. வெத்துத் தாள்ல முதல்ல பழகிப் பார்த்தாங்க. மங்களேஸ்வரி தன் பேரை எழுத இழுக்க, தவமலர் தன் பேரை எழுத இழுக்க, தாள் கிழிஞ்சுச்சு. ரெண்டாவது தாளும் கிழிஞ்சுச்சு. இருபது வருசத்துக்கு மேல அடுத்தவங்களை இழுக்கிறதே உத்தியோகமா இருந்த கை ரெண்டும், இழுக்காம இருன்னா எப்படி இருக்கும்? ஏழாவது தாள்லயோ எட்டாவது தாள்லயோ மங்களேஸ்வரிக்குக் கை அசந்துபோச்சு, போறது போகட்டும்னு விட்டாங்க. அதே நேரத்துல தவமலரும் விட்டுட்டாங்க. அப்பப் பேனா தானா நகந்துச்சு. ஒரு சுழி சுழிச்சு, ஒரு கொக்கி போட்டு, கீழ ஒரு இழுப்பு. நல்ல அழகான கையெழுத்து. மங்களேஸ்வரியோடதும் இல்லை, தவமலரோடதும் இல்லை. அதே மாதிரி ஒப்பந்தத்துலயும் போட்டு, இடது கையால ஆளுக்கொரு முத்திரை குத்துனாங்க. செங்கோல்மேரி காகிதத்தை வாங்கி மை காய ஊதுனா. அப்புறம்தான் சோறு ஊட்டுனா.

அந்தக் கையெழுத்து யாருதுன்னு ரெண்டு தலைநகரமும் கேக்கலை. கேட்டா தன்னோட ஆளு போடலைன்னு முதல்ல தான் ஒத்துக்கணும். பிற்பாடு வேணும்னா நம்மளுதுன்னு சொல்லிக்கலாம், வேணாம்னா அவங்களுதுன்னு சொல்லிரலாம். இதைவிட நல்ல கையெழுத்து எந்தச் சர்க்காருக்குக் கிடைக்கும்? ஆனா தப்பிச்சுப் போக ஒரு கதவு வேணுமில்லையா, அதனால கீழ ஒரு வரியைச் சேத்தாங்க: இந்த ரெண்டு அதிகாரிகளுக்கும் கை ஒட்டியிருக்கிற நாள் வரைக்கும்தான் இது செல்லும். கை பிரிஞ்ச அன்னைக்கே, அந்த நேரத்துலேர்ந்தே, ஒப்பந்தம் போச்சு. அடுத்தவன் தண்ணியில நிக்கிற படகெல்லாம் பழையபடி குத்தவாளிப் படகு.

ஒம்பது பேரும் வந்தாங்க. சந்தியாகு காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, பங்களா வாசல்ல நின்னு, உள்ள வரக் கூச்சப்பட்டு, ஒரு பெரிய சீலா மீனை நிலைப்படியில வச்சுட்டுப் போனான். அன்னைக்கு ஊரே ஆடுச்சு. அடுத்த வாரமே படகுங்க கிளம்பிருச்சு. இக்கரைப் படகு அக்கரைத் தண்ணிக்கு, அக்கரைப் படகு இக்கரைத் தண்ணிக்கு. பத்து வருசமா எட்டிக்கூடப் பார்க்காத இடத்துல போய் வலை விரிச்சாங்க. மங்களேஸ்வரி ஜன்னல்ல உக்காந்து படகுப் பாயை எண்ணிக்கிட்டிருப்பாங்க, தவமலருக்குக் கொடி அடையாளம் தெரியும், எது யாருதுன்னு சொல்லுவாங்க.

ஆவணியில ஒரு நாள் காலையில, பதினோரு மணி இருக்கும். காலையிலதான் நாப்பது படகு போயிருக்கு, சந்தியாகு படகுதான் முன்னால. மங்களேஸ்வரி பேப்பர் படிச்சுக்கிட்டிருக்காங்க. உள்ளங்கையில சில்லுன்னு ஒண்ணு. என்னதுன்னு விளங்கலை. ஆறு மாசம் கழிச்சு ரெண்டு கைக்கும் நடுவுல காத்து போகுது.

பேப்பரைக் கீழ வச்சாங்க. கட்டைவிரலை லேசா தூக்குனாங்க, வந்துச்சு. ஆள்காட்டி விரலைத் தூக்குனாங்க, அதுவும் வந்துச்சு. தோலு மேல ஒரு தழும்புகூட இல்லை.

"அக்கா, கழண்டிட்டுது"ன்னாங்க தவமலர், மூச்சுக்குள்ள.

"தெரியுது."

"வீட்டை போகலாம்."

"ஆமா. போகலாம்."

மங்களேஸ்வரிக்குக் காதுக்குள்ள அந்தத் தாழ்ப்பாள் கேட்டுச்சு. சாயங்கால ரயிலு, பூட்டு, சாவி, ரெண்டு ரூம், யாருமில்லாத ஒரு ஞாயித்துக்கிழமை. தவமலரும் ஏதோ கேட்டிருப்பாங்க, அவங்க வீட்டுச் சத்தம் என்னவோ. ரெண்டு பேரும் ஜன்னலுக்கு வெளிய பார்த்தாங்க. கடல் வெறிச்சுனு கிடந்துச்சு. ஒரு பாய்கூடக் கண்ணுக்குத் தட்டுப்படலை, அவ்வளவு தூரம் போயிருச்சுங்க, எல்லாம் அந்தப் பக்கத் தண்ணியில. அந்தப் பக்கத்துப் படகுங்க எல்லாம் இந்தப் பக்கத் தண்ணியில.

அப்பப் பார்த்து போன் அடிச்சுச்சு. வாரத்துக்கு ஒண்ணு வர்ற போன்.

"கை எப்படி இருக்கு?"

மங்களேஸ்வரி தவமலர் மூஞ்சியைப் பார்த்தாங்க. தவமலர் கடலையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

"அப்படியேதான் இருக்கு சார்."

"சந்தோசம்."

போனை வச்சுட்டு விரலை ஒவ்வொண்ணா மடக்கிக்கிட்டாங்க. மறுபக்கத்துலேர்ந்தும் விரல் மடங்குச்சு. இதுவரைக்கும் கை தானா ஒட்டிக்கிடந்துச்சு, புடிக்கணும்னு அவசியமில்லை. புடிச்சுக்கிட்டு இருக்கிறது எவ்வளவு வலின்னு அரைமணி நேரத்துலயே தெரிஞ்சு போச்சு. தோள் கடுத்துச்சு, மணிக்கட்டு நடுங்குச்சு.

செங்கோல்மேரி சோத்தோட வந்தா. உக்காந்தா, முள்ளை ஆஞ்சா. நிமிந்தவ கண்ணு அந்தக் கை மேல பட்டுச்சு. நகத்துக்கடியில வெளுத்துப்போயிருந்தது. ஒட்டுன கை அப்படி வெளுக்காது, இறுக்கிப் புடிச்சாத்தான் வெளுக்கும். ஆறு மாசம் பக்கத்துல உக்காந்து பார்த்தவளுக்குத் தெரியாதா? அவ வாசலைத் திரும்பிப் பார்த்தா, குமாஸ்தாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு நிக்கிறாங்க. முந்தானையை இழுத்து அவங்களுக்கு மறைப்பா உக்காந்துக்கிட்டா.

"வாயைத் திற தாயி"ன்னா, குரலே மாறாம.

சாப்பிட்டு முடிஞ்சு, இலையை எடுத்துக்கிட்டு அவ போனப்புறம், கட்டில்ல எதிரெதிரா சாஞ்சாங்க. மத்தியான வெயிலு ஜன்னல் கம்பியில ஏறி இறங்கிக்கிட்டிருந்துச்சு.

"அக்கா."

"ம்."

"நித்திரை கொண்டா விட்டிடுமே."

"ரெண்டு பேரும் ஒண்ணா தூங்கக் கூடாது. முதல்ல நீ தூங்கு."

"எத்தனை நாளைக்கு அக்கா?"

மங்களேஸ்வரி கடல்ல பாய் ஏதாவது தெரியுதான்னு பார்த்தாங்க. கொஞ்ச நேரத்துல தவமலரோட மூச்சு நீளமா ஆச்சு. விரலு ஒவ்வொண்ணா தளந்து விரிஞ்சுச்சு, முதல்ல சுண்டுவிரல், அப்புறம் மோதிர விரல். மங்களேஸ்வரி எழுந்து உக்காந்து, அந்த விரல்களை ஒவ்வொண்ணா எடுத்துத் தன்னோட கைக்குள்ள வச்சு மூடி, இறுக்கிக்கிட்டாங்க.